பூத்துணி போர்த்திய பெட்டி

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ அடுத்த அறையில்தான் கல்யாண அழைப்பிதழ்களுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறாய். கதவைத் தட்டி, "தம்பி, ஒரு விஷயம் கதைக்கவேணும்" என்று சொன்னால் முடிந்துவிடும். முந்தாநாள் அப்படித்தான் வந்தேன். "சாப்பிட்டிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். நேற்றும் வந்தேன். திறந்திருந்த யன்னலைச் சாத்திவிட்டுப் போனேன். நீ "என்னம்மா?" என்று நிமிர்ந்து பார்த்தாய், நான் "மழை வரும்போல கிடக்கு" என்றேன். வெயில் எரித்துக்கொண்டிருந்தது. இந்த வயதிலும் எனக்கு முக்கியமான பேச்சு என்றால் வாய் வேறு எதையாவது சொல்லிவிடுகிறது. எழுதினால் கை நிற்காது. அதனால் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். காரணம் தெரியாமல் கேட்டால் அது மாமியாரின் குணம்போலத் தோன்றும். என் வேலையைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று ஆசிரியை கேட்டதற்கு, "பெட்டியளைக் குளிரா வச்சிருக்கிறவ" என்று சொன்னாய். அந்த ஆசிரியை என்னைக் கண்டபோதெல்லாம், விளையாட்டுப் போட்டிக்கு ஐஸ்கிறீம் மலிவாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்பார். நானும் "பாக்கிறன் மிஸ்" என்றுதான் சொல்லிவந்தேன். இல்லை என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை.

நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டில் வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மப்பா ஒரு சைவக்கடையில் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். பொறியியல் படித்தேன். ஆனால் பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் தரிப்பிடம் வரை போய், அங்கிருந்து நடந்து திரும்பி வருவேன். கதைக்காத பிள்ளைக்குக் கண்ணும் காதும் கூர்மையாக இருக்கும். வகுப்பில் யார் எந்தக் கணக்கில் தடுமாறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். விரிவுரையாளர் பலகையில் பிழையாக எழுதினால் அதுவும் தெரியும். என் கொப்பியில் சரியாக எழுதிக்கொள்வேன். மற்ற எழுபது பேரும் பிழையாக எழுதிக்கொண்டு போவார்கள். அது நல்ல பழக்கமில்லை என்று எனக்கு விளங்க ஒரு தகரப் பெட்டி தேவைப்பட்டது.

நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மழையும் பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் மின்வெட்டு. நான் சேர்ந்த கம்பனிக்கு அலுவலகம் கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடி அறை, பட்டறை கிராண்ட்பாஸில். மின்சாரம் நின்றதும் பற்றரியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுக்கும் பெட்டிகள் செய்தார்கள். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். பெரிய வயிறும் பெரிய குரலுமாக இருப்பார், 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்பார். தகரம் வெட்டுவதும் வளைப்பதும் சுனில் அய்யே, என்னை "நங்கி", தங்கச்சி என்று கூப்பிடும் ஒரு சிங்களவர், எங்களுக்கு அண்ணன்போல. மின்சுற்றுகளைப் பார்த்தவர் வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு மெலிந்த மனிதர், எந்தக் கேள்விக்கும் கையில் ஒரு பதில் வைத்திருப்பவர். அவர்தான் பிறகு உன் அப்பா.

பெட்டிகளுக்கு ஒரு வியாதி இருந்தது. உள்ளே அலுமினியத் தகடுகளின் மேல் டிரான்சிஸ்டர்கள் வரிசையாக இருக்கும். வேலை செய்யும்போது அவை கொதிக்கும். சூடு அளவு மீறினால் எரிந்துபோகாமல் இருக்க ஒரு சுவிட்ச் பெட்டியை நிறுத்திவிடும். எங்கள் பெட்டிகள் நாற்பது நிமிடத்தில் நின்றன, மின்வெட்டோ மூன்று மணித்தியாலம். திரும்பி வந்த பெட்டிகள் பட்டறையில் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்று திரும்பி வரும்போதும் ஹாஜியார் ஒரே மருந்தைத்தான் சொல்வார்: "சுனில், இன்னும் கொஞ்சம் ஓட்டை போடு! காத்து போக வழி ஈந்தாத்தானே காத்து போகும்!" சுனில் அய்யே துளைப்பார். கடைசியில் அந்தப் பெட்டிகள் இடியப்பத் தட்டுப்போல ஆகிவிட்டன. இருந்தும் நாற்பது நிமிடம்தான். சில முப்பத்தைந்து.

எனக்கு அது விளங்காமல் உறுத்தியது. பல்கலைக்கழகத்தில் ஒரு கணக்கு முறையைப் படித்திருந்தேன். பெட்டியை நடுவே வெட்டினால் தெரியும் முகத்தைக் கணக்குக் கொப்பிபோலச் சிறு கட்டங்களாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எண்கள்: காற்று எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகமாக, எவ்வளவு சூடாக. ஒரு கட்டத்தின் எண் பக்கத்திலுள்ள கட்டங்களைப் பொறுத்தது, அவற்றின் எண்கள் அவற்றின் அயலைப் பொறுத்தவை. முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு குத்துமதிப்பைப் போட்டுவிட்டு, கட்டம் கட்டமாகத் திருத்திக்கொண்டே போகவேண்டும். ஆயிரக்கணக்கான முறை சுற்றி வந்தபின், இனித் திருத்த ஒன்றும் இல்லை என்னும் நிலை வரும். அப்போது காகிதத்தில் அந்தப் பெட்டிக்குள் காற்று ஓடுவதைப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டியில்கூட அப்படித் தெரியாது.

அலுவலகத்தில் ஒரு பழைய கம்பியூட்டர் இருந்தது. ஒரு கணக்கு முடிய அரை நாள் எடுக்கும். மின்வெட்டு வந்தால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். மின்வெட்டுக்குப் பெட்டி செய்யும் கம்பனியில் கம்பியூட்டருக்கு ஒரு பெட்டி இல்லையா என்று நீ கேட்பாய். இருந்தது. நாற்பது நிமிடம். பிறகு நூறு சுற்றுக்கு ஒரு தடவை விடையை ஃபிளொப்பித் தட்டில் சேமித்து வைக்கப் பழகிக்கொண்டேன். மூன்று வாரம் அப்படிப் போனது. ஹாஜியார் வாசலில் நின்று, "புள்ள, அந்தப் பெட்டிக்குள்ள மீனா ஈக்கு, இப்பிடிப் பாத்துக்கிட்டு ஈக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

விடை வந்தபோது நான் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஃபேன் இடது பக்கம் கீழே இருந்தது, சூடான தகடுகள் வலது பக்கம். நாங்கள் போட்ட துளைகளில் பாதி ஃபேனுக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஃபேன் உள்ளே தள்ளிய காற்று, தூரத்திலுள்ள தகடுகள் வரை போகாமல், பக்கத்துத் துளைகளால் உடனே வெளியேறிவிட்டது. வலது மூலையில் காற்று அசையாமல் நின்று வெந்துகொண்டிருந்தது. துளை கூடக் கூட அந்த மூலை இன்னும் மோசமாகியது. நாங்கள்தான் பெட்டியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தோம். எல்லாத் துளைகளையும் அடைத்து, தகடுகளுக்கு நேர் மேலே மூடியில் ஒரு நீள வாசல் மட்டும் விட்டுக் கணக்கை ஓட்டினேன். மூலையின் சூடு சடசடவென்று இறங்கியது.

இதை யாரிடம் சொல்வது? முதலாளியிடம் போய், நீங்கள் போடச் சொன்ன துளைகளை அடையுங்கள் என்று சொல்லும் வாய் எனக்கில்லை. உன் அப்பாவிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் பத்து நிமிடம் பார்த்தார். "அடியாத்தை! உள்ள காத்தை நாங்களே வழி காட்டி வெளிய அனுப்பியிருக்கிறம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்கள் பயப்பிடாதேங்கோ, நான் சொல்லுறன்" என்றார். அந்த நேரம் அந்தச் சொல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் சொன்னார், ஹாஜியார் சத்தம் போட்டார், சுனில் அய்யே சும்மா இருந்த ஒரு பெட்டிக்குத் துளைகளில் தகரம் ஒட்டிக் கொடுத்தார். அந்தப் பெட்டி பட்டறையில் மூன்று மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. இதைக் கேள்விப்பட்டு ஒரு டொக்டர் வந்தார். நகரத்தின் ஏழைப் பகுதிகளில் சிறு மருந்தகங்கள் நடத்தும் ஒரு தரும அமைப்பின் பொறுப்பாளர் அவர். குழந்தைகளின் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு மின்வெட்டில் மின்சாரம் வேண்டும். முதலில் ஒன்று, சரியாக ஓடினால் எல்லா மருந்தகங்களுக்கும். கம்பனிக்கு அதைவிடப் பெரிய வேலை வந்ததில்லை. பட்டறையில் அந்த மாதம் ஆட்களைக் குறைக்கும் கதை நடந்துகொண்டிருந்தது.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். வேலையைப் பற்றிப் பேச அலுவலகத்தில் கூடிய கூட்டத்தில் டொக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "மகள், கணக்குப் போட்டது நீங்கள்தானே? இதை வைக்கிற இடத்தைப் பற்றி ஏதும் நிபந்தனை இருக்கா?" என்று கேட்டார். என் மடியில் இருந்த காகிதத்தின் முதல் வரியிலேயே அது இருந்தது: மூடியின் மேல்பக்கம் திறந்த காற்று. இந்தக் கணக்கு முறையில் ஓரங்களில் என்ன இருக்கிறது என்று நாம்தான் சொல்லிக் கொடுக்கவேண்டும், அதை வைத்துத்தான் உள்ளே எல்லாம் முடிவாகும். நான் அதைச் சொல்ல மூச்சு எடுத்தேன். அதற்குள் உன் அப்பா, "ஒரு நிபந்தனையும் இல்லை டொக்டர், எங்கயும் வைக்கலாம்" என்றார். எனக்கு உதவி செய்வதாக நினைத்தார். டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். நான் எடுத்த மூச்சை விட்டேன். அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இல்லை. அவரைத் திருத்தினால் அவருக்கு அவமானம், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், எப்படியும் பெட்டிக்கு மேல் யார் என்ன வைக்கப்போகிறார்கள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாளிகாவத்தையில் இருந்த மருந்தகத்தில் அந்தப் பெட்டியை வைத்தோம். நான்காம் நாள் தகவல் வந்தது: பெட்டி இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது. சனக்கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. மருந்து முழுவதும் கெட்டுப்போய்விட்டது. நானும் சுனில் அய்யேயும் போனபோது வாசலில் தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி போகிற போக்கில் மற்றவளிடம், "ரெண்டு பஸ் மாறி வந்தேன்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

உள்ளே போனோம். பெட்டியைக் காணவில்லை. சுனில் அய்யே சுற்றிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், "நங்கி, எங்க எங்கட சாமான்?" என்று கேட்டார். மூலையில் அழகான ஒரு சின்ன மேசை இருந்தது. அதன் மேல் வெள்ளைத் துணி, நான்கு ஓரமும் சிவப்பு நூலில் பூ வேலை. துணியின் மேல் பிளாஸ்டிக் ரோசாக்கள் வைத்த சாடி, பக்கத்தில் பதிவுப் புத்தகம். சுனில் அய்யே துணியின் ஓரத்தைத் தூக்கினார். எங்கள் பெட்டி. நான் விட்டிருந்த ஒரே வாசலின் மேல் துணியும், துணியின் மேல் சாடியும்.

அங்கிருந்த தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். நல்ல மனம், நீண்ட நாக்கு. "தூசி விழாம ஈக்கட்டும்டு நான்தான் போட்டேன். புது சாமான் தானே! எங்கட ஊட்டு டீவிக்கும் இப்பிடித்தான். என்னத்துக்கு இப்பிடிப் பாக்கிறீங்க, துணி வடிவில்லையா?" என்றார். துணி மிகவும் அழகாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

பழைய துளை நிறைந்த பெட்டியாக இருந்திருந்தால் துணி போர்த்தியும் நாற்பது நிமிடம் ஓடியிருக்கும். ஒரே வாசல் வைத்து அதை மோசமாக்கியவள் நான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். எதிரே எங்கள் ரேடியோ இருந்தது. அதன் மேல் என் அம்மா தைத்த நீலத் துணி, துணியின் மேல் கண்ணாடி அன்னம் ஒன்று. இருபத்தைந்து வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் கவனிப்பவள் என்று எனக்குள் ஒரு பெருமை. நம் சனம் புதிதாக வாங்கும் எதற்கும் முதல் வேலையாகத் துணி போர்த்தும் என்பது என் கணக்கில் ஏறவில்லை. உன் அம்மம்மாவிடம், அந்தத் துணியை எடுத்தால் என்ன என்று கேட்டேன். "ஏன், ரேடியோ அம்மணமா நிக்கவோ?" என்றார்.

அடுத்த நாள் உன் அப்பா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். "எங்கயும் வைக்கலாம் எண்டு சொன்னது நான். பிழை என்ர" என்றார். "கேள்வி என்னட்டைத்தானே வந்தது" என்று சொன்னேன். அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். ஹாஜியார், "துணி போடாதீங்கண்டு எழுதி ஒட்டுங்க, முடிஞ்சி போச்சி" என்றார். மூன்று நாள் கேட்பார்கள், நான்காம் நாள் அந்த எழுத்தின் மேலேயே துணி விரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். டொக்டர் இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார், அடுத்த தடுப்பூசி நாளுக்கு முன். அதிலும் நின்றால் வேலை வேறு கம்பனிக்கு.

இந்த முறை கணக்கை மூடியை முற்றாக அடைத்து வைத்துக்கொண்டு தொடங்கினேன். மேலே எதையும் போடட்டும், காற்றுக்கு அது தேவைப்படக் கூடாது. வாசலை மூடியிலிருந்து எடுத்து வலது பக்கத்தின் மேல் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே துணி தொங்கினால்? மூடியைச் சாய்த்தேன், வீட்டுக் கூரைபோல, ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டியபடி. சாய்ந்த கூரையில் சாடி நிற்காது. சாடி நிற்காவிட்டால் துணியும் நிற்காது. பதினொரு தடவை சாய்வை மாற்றிக் கணக்குப் பார்த்தேன். சுனில் அய்யே படத்தைப் பார்த்து, "நங்கி, இது கோழிக் கூடு" என்றார். பிறகு இரண்டு நாள் வேறு எவரையும் தொடவிடாமல் தானே வளைத்தார்.

பெட்டியைக் கொண்டுபோன நாள் காலையில், நானும் சுனில் அய்யேயும் முச்சக்கர வண்டியில் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு போனோம். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வயர்களைக் கண்டதும் ஒரு சிப்பாய் துவக்கை உயர்த்தினான். மற்றவன் என் பையிலிருந்து கம்பியூட்டர் காகிதங்களை இழுத்தான். பக்கம் பக்கமாக வெறும் எண்கள். "இது என்ன?" என்றான். சுனில் அய்யே உடனே தம்பி முறை சொல்லி, "மல்லி, அது வந்து..." என்று தொடங்கினார். "உன்னைக் கேட்கவில்லை. இவளைக் கேட்கிறேன்" என்றான் அவன்.

தம்பி, அந்த இடத்தில் எனக்காக ஒருவரும் கதைக்க முடியாது. என்னுடைய உடைந்த சிங்களத்தில் சொன்னேன்: "இந்தப் பெட்டிக்குள் எந்த இடம் எவ்வளவு சூடு என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் ஒரு சின்ன இடம். இது தகடு. இது காற்று வரும் வழி." சொல் நிற்கவில்லை. அவன் காகிதத்தைத் திருப்பிப் பிடித்தான். "எது மிகவும் சூடு?" காட்டினேன். "ஐம்பத்தெட்டு." அவன் முகத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் மண் மூட்டை அடுக்கிய காவல் கூண்டைக் காட்டி, "அதற்குள் இதைவிடச் சூடு. அதற்கும் ஒரு கணக்குப் போட்டுத் தாயேன்" என்றான். "மேலே ஒரு வாசல் விட்டால் குறையும்" என்றேன். என்னை அறியாமல் வந்த பதில். மற்றவன் துவக்கைத் தாழ்த்திவிட்டு, "அங்கே வாசல் விட முடியாது" என்றான். சிரிக்கவில்லை. காகிதங்களைத் திருப்பித் தந்தார்கள். வண்டியில் ஏறியபின் சுனில் அய்யே பெட்டியை நேராக்கி வைத்துவிட்டு, "நங்கி, உனக்கு வாய் இருக்கு!" என்றார்.

மருந்தகத்தில் டொக்டர், ஹாஜியார், உன் அப்பா மூவரும் எங்களுக்கு முன்னரே வந்திருந்தார்கள். மின்வெட்டு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. டொக்டரின் முகத்தில் பொறுமை குறைந்திருந்தது. "போன முறை எங்கேயும் வைக்கலாம் என்றீர்கள். இந்த முறை என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். ஹாஜியார் உன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பா தொண்டையைச் செருமினார். நான், "டொக்டர், நான் சொல்லுறன்" என்றேன்.

குரல் முதலில் வெளியே வரவில்லை. "பலமாகச் சொல்லுங்கோ மகள்" என்றார். பலமாகச் சொன்னேன். "போன முறை நீங்கள் கேட்டதுக்கு எனக்கு விடை தெரியும். நான் சொல்லயில்லை. மூடி திறந்து இருக்கவேணும் எண்டது என்ர கணக்கில இருந்தது. மருந்து பழுதானது அதாலதான்." ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். நான் நிறுத்தவில்லை. காற்று எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பெட்டியின் மேல் விரலால் வரைந்து காட்டினேன். பிறகு மிஸ்ஸியிடம், "அந்தத் துணியைக் கொண்டுவந்து போடுங்கோ" என்றேன்.

"இவ்வளவு ஏசிட்டு இப்ப போடச் செல்றீங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் விரித்தார். துணி மெல்ல வழுக்கி நிலத்தில் விழுந்தது. மீண்டும் விரித்தார், மீண்டும் விழுந்தது. சாடியை வைத்தார், சுனில் அய்யே பாய்ந்து பிடிக்காவிட்டால் உடைந்திருக்கும். மிஸ்ஸி இடுப்பில் கை வைத்து, "இதென்ன, ஒண்டயுமே தலையில ஏத்தாத சாமானா ஈக்கு!" என்றார். டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. பெட்டி ஒரு சிறு முனகலோடு வேலையைத் தொடங்கியது.

மூன்று மணித்தியாலம் யாரும் அந்த அறையை விட்டுப் போகவில்லை. இருபதாவது நிமிடம் தாண்டியது, நாற்பதாவது தாண்டியது. முடிவில் தகடுகளின் சூட்டைப் பார்க்க உன் அப்பா அவற்றுக்கிடையில் செருகியிருந்த வெப்பமானியைத் தூக்கினார். "பொறுங்கோ" என்று சொல்லி, நான் முதலில் என் காகிதத்தைப் படித்தேன்: "ஐம்பத்தெட்டு." அவர் யன்னல் பக்கம் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஐம்பத்தொன்பது!" அந்தக் கத்தலுக்கு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹாஜியார், "புள்ள, ஒரு டிகிரி என்னத்துக்குக் கூட?" என்றார். "அது உங்கட பேச்சுச் சூடு ஹாஜியார்" என்றேன். என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. அவர் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மின்சாரம் எப்போது திரும்பி வந்தது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

எல்லா மருந்தகங்களுக்கும் கூரைப் பெட்டிகள் போயின. பட்டறையில் ஒருவரும் வேலை இழக்கவில்லை, புதிதாக நான்கு பேரை எடுத்தார்கள். ஹாஜியார் எனக்கு நல்ல கம்பியூட்டர் ஒன்று வாங்கித் தந்து, அதற்கு ஒரு கூரைப் பெட்டியைத் தானே தூக்கிவந்து பூட்டினார். அதன் பிறகு மின்வெட்டில் என் கணக்கு ஒரு நாளும் நிற்கவில்லை. மிஸ்ஸி துணியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் விரித்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு நான் கணக்குப் போடவில்லை. இன்று என்னிடம் வேலை செய்யும் பிள்ளைகள் அதே கணக்கைச் சில நிமிடங்களில் சிவப்பும் நீலமுமாகத் திரையில் வரைந்துவிடுகிறார்கள். வரைந்து முடித்ததும், அந்தச் சாமான் எங்கே நிற்கப்போகிறது, பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். முறுமுறுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது பேசாமல் ஓர் எண்ணை மாற்றுவார்கள். போன வருடம் வெளிநாட்டில் நூறு பேருக்கு முன்னால் நின்று அரை மணித்தியாலம் கதைத்தேன், கேள்விகளுக்கும் நானே பதில் சொன்னேன். மேசை விளிம்பைப் பிடித்த கையை அரை மணித்தியாலமும் விடவில்லை.

உன் அப்பாவைப் பிழையாக நினைக்காதே. இந்தக் கதையை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதும், ஆனா ஐம்பத்தொன்பது எண்டு கத்தினது நான் எண்டு மறக்காமல் எழுதும்" என்றார். எங்கள் கல்யாணத்துக்கு முன் அவர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார், எனக்கு வரும் கேள்வியைத் தான் தொடமாட்டேன் என்று. அவருடைய குணத்துக்கு அது உண்ணாவிரதத்தைவிடக் கஷ்டம். உறவினர் வீடுகளில் என்னிடம் யாராவது ஏதாவது கேட்டு, நான் சொல் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் தண்ணீர்க் கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். சில நாள் மூன்று கிளாஸ் போகும். நான் இன்று இருக்கும் நிலைக்கு என் கணக்கைப் போலவே அவர் குடித்த தண்ணீரும் காரணம்.

இனிக் கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினியை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தக் கூட்டிவந்தாய். நான் பரிமாறிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அவளிடம், என்ன ஆராய்ச்சி செய்கிறீர் என்று கேட்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்து நிமிர்ந்தாள். நீ பதில் சொன்னாய். கல்யாணத்துக்குப் பிறகு வேலையைத் தொடர்வாயா என்று மாமா கேட்டார். நீ பதில் சொன்னாய். கடைசியில் நான் அவளிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டேன். அதற்கும் "அவவுக்குப் போதுமாம்" என்று நீதான் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சு எடுத்ததையும் விட்டதையும் நான் கண்டேன். அவள் வெட்கப்படுகிறாள், தடுமாறவிடக் கூடாது என்ற அன்பில்தான் செய்தாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவளிடம் கேட்கும் கேள்விக்கு நீ பதில் சொல்லாதே. அவள் எவ்வளவு நேரம் எடுத்தாலும், சபை எவ்வளவு சங்கடப்பட்டாலும், உனக்கு விடை நன்றாகவே தெரிந்திருந்தாலும். இவள் என்ன வாய் இல்லாதவளா என்று யாராவது கேட்டால், அதற்கும் அவளே பதில் சொல்லட்டும். இதுதான் தம்பி நான் உன்னிடம் கேட்பது, வேறொன்றும் இல்லை. அடுத்த முறை அவள் வரும்போது சோறு போடவா என்று மறுபடியும் கேட்பேன். அவள் சொல்லும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா